லேசாகப் பயன்படுத்திய துப்பாக்கி விற்பனைக்கு: நிலையை எப்படி உள்ளபடி எழுதுவது?

கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் முன்னால் மேகசினைக் (தோட்டாப் பெட்டியை) கழற்றுங்கள், போல்ட்டையோ ஸ்லைடையோ திறந்து வையுங்கள், தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்து சோதிக்கும் வீட்டு அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது.

கேள்வி: என் ரைஃபிளில் 200 தோட்டாதான் சுட்டிருப்பேன். "புதியது போல" என்று எழுதலாமா?

வேண்டாம். அந்தச் சொல்லுக்கு அளவு கிடையாது. வாங்குபவர் ஒன்றை நினைப்பார், நீங்கள் வேறொன்றை நினைத்திருப்பீர்கள். அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கத்தின் தரவரிசையைப் பலரும் பின்பற்றுகிறார்கள். அதில் "நியூ" என்றால் சில்லறை விற்பனையில் ஒருமுறைகூட விற்கப்படாதது. ஒரு தோட்டாகூடச் சுடாவிட்டாலும், நீங்கள் கடையில் வாங்கிவிட்டால் அந்தச் சொல் போய்விடுகிறது. "எக்ஸலன்ட்" என்றால் சிறிதளவே பயன்படுத்தியது. மரத்திலும் உலோகத்திலும் கண்ணில் படும் வடு இல்லை. குழல்வாயிலும் கூரான விளிம்புகளிலும் தவிர ப்ளூயிங் (எஃகின் மேலுள்ள கருநீலப் பூச்சு) முழுமையாக இருக்கிறது. "வெரி குட்" என்றால் குறையில்லாமல் இயங்குவது, துருக்குழி இல்லாதது, மேலோட்டமான கீறல் மட்டும் உள்ளது. "குட்" இந்த ஆறு படிகளில் ஐந்தாவது. பேச்சு வழக்கில் "நல்லா இருக்கு" என்று சொல்வதற்கு அது சமம் இல்லை. பழம்பொருள் துப்பாக்கிகளுக்குத் தனி வரிசை உண்டு, அங்கே இதே சொற்களுக்குப் பொருள் வேறு. எந்த வரிசைப்படி எழுதுகிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கையை எழுதுவது நல்லது, ஆனால் எந்தத் தோட்டா என்பதைச் சேர்த்தால்தான் அதற்குப் பொருள் வரும். .22 ரிம்ஃபயர் குழலுக்கு 200 ஒரு பொருட்டே இல்லை. அது பல்லாயிரம் தாங்கும். அதிவேக மேக்னம் குழலின் துல்லியம் 1,000 முதல் 1,500 சுடுதலுக்குள்ளேயே குறையத் தொடங்கலாம். அங்கே 200 என்பது கணிசமான பங்கு.

கேள்வி: நானே இரண்டாவது கையில் வாங்கியது. எனக்கு முன்னால் எத்தனை சுட்டார்கள் என்று தெரியாது.

அப்படியே எழுதுங்கள்: "என்னிடம் வந்த பிறகு சுமார் 150. அதற்கு முன் தெரியாது." முந்தைய உரிமையாளர் சொன்ன எண்ணிக்கை என்றால் "அவர் சொன்னது" என்ற சொல்லை விடாதீர்கள். நான் பார்த்தது, எனக்குச் சொல்லப்பட்டது, எனக்குத் தெரியாதது: இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் பிற்பாடு சண்டை வருகிறது.

கேள்வி: குழலின் உட்புறம் பளபளவென்று இருக்கிறது. "குழல் கண்ணாடி மாதிரி" என்று எழுதினேன். வாங்கியவர் துருக்குழி இருப்பதாகச் சொல்கிறார். எப்படி?

சுத்தம் செய்யாத குழல் ஏமாற்றும். தோட்டாவின் செம்பு, குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகளின் மேல் படலமாகப் படிந்து சிறு குழிகளை மூடிவிடும். வாங்கியவர் செம்பு கரைப்பானைப் போட்டதும் குழிகள் வெளியே வந்திருக்கும்.

முதலில் கரித்தூளை எடுங்கள், பிறகு செம்பு கரைப்பான். வெள்ளைத் துணித்துண்டு நீலமாக வருவது நின்றதும் செம்பு போய்விட்டது என்று கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: துணியைத் தள்ளும் கம்பியின் முனை பித்தளையாக இருந்தால் அதுவே துணியை நீலமாக்கும். நைலான் முனை அல்லது நிக்கல் பூசிய முனை வைத்துப் பாருங்கள். கடைசியாக உலர்ந்த துணி. எண்ணெய் பூசிய குழல் எப்போதும் மினுங்கும்.

பிறகு தோட்டா அறைப் பக்கமிருந்து வெளிச்சம் விட்டு, வரிகளுக்கு இடையிலுள்ள மேடுகளின் விளிம்பு கூராக இருக்கிறதா, தோட்டா அறையைத் தாண்டி வரிகள் தொடங்கும் இடம் சாம்பல் நிறத்தில் வெடித்த சேறு போல் இருக்கிறதா என்று பாருங்கள். அது சூட்டில் அரித்த அடையாளம். நிழல் வளையம் ஒன்று தெரிந்தால் அது புடைப்பாக இருக்கலாம். அந்தத் துப்பாக்கியைச் சுடவும் வேண்டாம், பழுதுநர் பார்க்காமல் விற்கவும் வேண்டாம். மலிவான போர்ஸ்கோப் (குழலுக்குள் விட்டுப் பார்க்கும் சிறு கேமரா) இருந்தால் படத்தைச் சேருங்கள். அது புதுக் குழலின் வெட்டுத் தடங்களைக்கூடப் பெரிதாக்கிக் காட்டி வாங்குபவரைப் பயமுறுத்தும் என்பதால் எந்தக் கோடு எது என்று கீழே எழுதுங்கள்.

பழைய ராணுவத் தோட்டா சுட்ட துப்பாக்கியில் குழி இருப்பது சகஜம். அந்தத் தோட்டாக்களின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில்) இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்டபின் உப்பாகக் குழலில் தங்கி ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். எண்ணெய் மட்டும் போட்டு வைத்தவர்களின் குழல்தான் அரித்துப்போனது.

கேள்வி: ரிவால்வர் சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு இருக்கிறது. அதைக் குறை என்று எழுத வேண்டுமா?

மெல்லிய கோடு பயன்பாட்டின் இயல்பான தடம். "சிலிண்டரில் சுழற்சிக் கோடு உண்டு" என்றால் போதும். அந்தக் கோடு வந்து சேரும், சிலிண்டரைப் பூட்டும் வெட்டுகளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அவற்றின் ஓரம் நசுங்கிப் பிதுங்கியிருந்தால் யாரோ வேகவேகமாக இயக்கியிருக்கிறார்கள்.

அடுத்து, ஹேமரை மெதுவாக இழுத்து ஒவ்வோர் அறையையும் சோதியுங்கள். விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்தபடி இழுக்கும்போதும், ஹேமர் முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறில் ஒன்று பிந்தினாலும் எழுதுங்கள். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து, வந்த அளவையே எழுதுங்கள். ஏறக்குறைய 0.1 முதல் 0.2 மி.மீ. வழக்கமானது.

கேள்வி: துப்பாக்கி உறை உரசி வெளுத்த இடத்தில் கோல்டு ப்ளூ (சூடாக்காமல் தடவும் ப்ளூயிங் திரவம்) தடவினேன். சொல்லத்தான் வேண்டுமா?

கட்டாயம். சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும்: நிறம் சற்றே மாறி நிற்கும், ஒரு தனி வாடை இருக்கும், சில மாதத்தில் தேய்ந்து மறுபடி வெளுக்கும். வாங்கியவர் பிறகு துப்பாக்கி முழுவதையும் சந்தேகிப்பார். "குழல்வாய் அருகே 2 செ.மீ. இடம் தொட்டுப் பூசியது" என்று எழுதினால் விலை பெரிதாகக் குறையாது.

முழுதாக மறு ப்ளூயிங் செய்தது வேறு விஷயம். பாலிஷ் சக்கரம் எழுத்துகளின் விளிம்பை மழுக்கும், ஸ்க்ரூத் துளைகளின் வாயைக் குழியாக்கும். அழகாக இருந்தாலும் அது அசல் பூச்சு இல்லை, சேகரிப்பவருக்கு மதிப்பு இறங்கும். விற்பதற்காகப் பழைய துப்பாக்கியை மெருகேற்றாதீர்கள். போன அசல் பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேள்வி: ட்ரிகரை மென்மையாக்கியிருக்கிறேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது. இதையும் எழுதணுமா?

விளம்பரத்தின் முதல் மூன்று வரிக்குள் வர வேண்டிய செய்தி இதுதான், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. யார் செய்தது, எதை மாற்றியது, இழுவிசை எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். அதற்கு முன், காலித் துப்பாக்கியை காக் செய்து (சுடத் தயாராகும் நிலைக்கு இழுத்து), சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை அழுத்தி விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுங்கள். அப்போது ஹேமரோ ஸ்ட்ரைக்கரோ (தோட்டாவை அடித்துச் சுட வைக்கும் பாகம்) விழுந்தால் விற்பனையை நிறுத்துங்கள். காக் செய்த நிலையில் கட்டையின் (தோளில் ஊன்றும் பகுதியின்) அடியை ரப்பர் விரிப்பில் தட்டினாலும் விழக் கூடாது. கழற்றிய அசல் உதிரிகளை ஒரு உறையில் போட்டுக் கூடவே கொடுங்கள். தயாரிப்பாளர் அந்த மாடலைத் திரும்ப அழைத்திருக்கிறாரா என்றும் சீரியல் எண்ணை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து இரட்டைக் குழல் ஷாட்கன். 70 மி.மீ. தோட்டா உள்ளே போகிறது. அப்படியே எழுதலாமா?

கூடாது. தோட்டாவின் மேல் அச்சிடும் நீளம், சுட்டு விரிந்த பிறகுள்ள நீளம். தோட்டா வாயின் மடிப்பு மூடியிருக்கும்போது அது குட்டை, 65 மி.மீ. அறைக்குள்ளும் எளிதாக நுழையும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அறையின் முன்பக்கக் கூம்புக்குள் புகுந்து நெரிக்கும், அழுத்தம் ஏறும். "போகிறது" என்பது ஆதாரமே இல்லை. கேஜ் வைத்து அளந்த நீளத்தை எழுதுங்கள், அளக்க முடியாவிட்டால் "அறை நீளம் அளக்கப்படவில்லை, பழுதுநர் பார்க்காமல் சுடக் கூடாது" என்று எழுதுங்கள். குழலில் நசுங்கல், சோக்கைப் (குழல்வாயின் குறுகலைப்) பிற்பாடு அகலப்படுத்தியது, கட்டையை அறுத்து நீளம் குறைத்தது, எல்லாம் சேர வேண்டும். மரக்கட்டை உலோகத்தோடு சேரும் இடத்தில், கட்டைக்குள் நீளும் உலோக வாலுக்குப் பின்னால், மயிரிழை விரிசல் அதிகம் வரும். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: படங்கள் எத்தனை, எப்படி?

பத்துப் பன்னிரண்டு. நேரடி வெயிலும் ஃப்ளாஷும் வேண்டாம், ஜன்னல் ஓர வெளிச்சம் போதும். எண்ணெய் துடைத்த பிறகே எடுங்கள். எண்ணெய் கீறலை மறைக்கும். இரு பக்கமும் முழுதாக, குழல்வாய், போல்ட் முகம், ஸ்க்ரூத் தலைகள், மேகசினின் வாய் உதடுகள். ஒவ்வொரு குறைக்கும் ஸ்கேல் வைத்துத் தனிப் படம். சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களைப் பொதுப் படத்தில் மறைக்கலாம், உரிமம் உள்ள வாங்குபவருக்கும் பதிவுக்கும் முழுதாகக் கொடுங்கள். சீரியல் எண்ணைத் தேய்த்து அழித்த துப்பாக்கி என்றால் விளம்பரமே எழுதாதீர்கள், அதிகாரிகளிடம் போங்கள்.

கேள்வி: ஸ்கோப்பையும் சேர்த்து விற்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் நிலையைத் தனியாக எழுதுங்கள்: லென்ஸ் கீறல், வளையம் அழுத்திய தடம், திருகினால் குறி சரியாக நகர்ந்து பழைய இடத்துக்குத் திரும்புகிறதா.

கேள்வி: குறைகளை எல்லாம் எழுதினேன். யாருமே கூப்பிடவில்லை.

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் மாடல், தோட்டா வகை, சுட்ட எண்ணிக்கை, இயக்கம். பிறகு குறைகள், ஒவ்வொன்றும் இடமும் அளவும் சேர்த்து. "சிறு சிறு கீறல்கள் உண்டு" என்றால் படிப்பவர் மோசமானதைக் கற்பனை செய்வார், "இடது பக்கம் கட்டையில் 3 செ.மீ. கீறல், மரம் வரை இறங்கவில்லை" என்றால் மனம் தெளிவாகும். உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கும் வழியில், கைமாறிய பின் சுடாமல் பார்த்துத் திருப்பித் தர மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். தொலைவிலிருந்து வாங்குபவர் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் முதல் அழைப்பைச் செய்கிறார்.