ஜெராய் மலைக்குக் கீழே ஒரு வானொலி

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். இப்போது சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து எங்கள் ஊருக்கென்று ஒரு எஃப்.எம். வானொலி தொடங்கும் யோசனையில் இருக்கிறோம். கோயில் மண்டபத்தில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர், "ரேடியோன்னா அங்காசாபுரியிலருந்து வரணும்பா. தோட்டத்து ஆளுங்களுக்கு எதுக்குத் தனியா ஒரு ஸ்டேஷன்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் நாட்டில் உள்ளூர் வானொலி என்று ஒன்று எப்போதாவது இருந்திருக்கிறதா? தொடக்க நாளன்று என்ன ஒலிபரப்பலாம்? நீங்களும் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
க., சுங்கைப்பட்டாணி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெரியவர் சொன்னதில் தப்பில்லை. அவர் வயதுக்காரர்களுக்கு வானொலி என்பது தலைநகரத்து அரசாங்க ஒலிபரப்பு மையமான அங்காசாபுரியிலிருந்து வருகிற குரல்தான். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. நம் நாட்டில் வானொலி பிறந்ததே உள்ளூர் வானொலியாகத்தான்.

1921-ல் ஜொகூரில் அரசாங்க மின்பொறியாளராக இருந்த பர்ச் என்பவர் முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். ஆர்வமுள்ளவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். பிறகு கோலாலம்பூரிலும் அப்படி ஒரு சங்கம் உருவாகி, 1930 வாக்கில் புக்கிட் பெட்டாலிங் குன்றிலிருந்து ஒலிபரப்பியது. எல்லாமே பொழுதுபோக்காக இதைச் செய்தவர்களின் வேலை. சென்னையிலும் அப்படித்தான். அங்கே 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் ரேடியோ கிளப் வைத்து ஒலிபரப்பினார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938-ல்தான்.

இனி உங்களுக்கு வேண்டிய செய்தி. 1934-ல் பினாங்கு வானொலிச் சங்கம் 'இசட் எச் ஜே' என்ற அடையாளத்தோடு ஒரு நிலையத்தைத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பியது. பீடோங்கிலிருந்து ஜார்ஜ் டவுன் நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அங்காசாபுரி கட்டப்படுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, நமக்குப் பக்கத்து ஊரில், ஒரு சங்கம் நடத்திய சிறிய நிலையம் தமிழ் பேசியிருக்கிறது. அன்றைக்கு நம் லயங்களில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், அதைக் கேட்க யாரிடமும் பெட்டி இல்லை. துரை பங்களாவிலும் பெரிய வியாபாரிகள் வீட்டிலும்தான் இருந்தது. ஆனாலும் ஒலித்தது தமிழ். அடுத்த முறை அந்தப் பெரியவரைப் பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள். சந்தோஷப்படுவார்.

அதன் பிறகு வானொலி அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1937-ல் சிங்கப்பூரில் தொடங்கிய ஒலிபரப்புக் கழகத்தை 1940-ல் அரசு எடுத்துக்கொண்டது. ஜப்பான்காரன் காலம் முடிந்து, 1946 ஏப்ரல் 1-ல் ரேடியோ மலாயா வந்தது. 1959-ல் அது கோலாலம்பூருக்கு இடம் மாறியது.

வானொலி நம் தோட்டங்களுக்குள் வந்தது இதற்கு நடுவில், 1948-ல் தொடங்கிய அவசரகாலத்தில். மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொதுக்கேட்புப் பெட்டிகள் கொடுத்தார்கள். கம்யூனிஸ்டுகள் பக்கம் மக்கள் சாய்ந்துவிடக் கூடாது என்பது அரசாங்கத்தின் கணக்கு. எங்கள் தோட்டத்திலும் ஒன்று இருந்ததாக அப்பா சொல்வார். ஆபீஸ் வராந்தாவில் பூட்டுப்போட்ட பலகைப் பெட்டி. சாவி தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம். காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்களத்து மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கும். பொழுது சாய்ந்ததும் கிராணி வந்து திறப்பார், ஜனங்கள் களத்தில் பாய் விரித்து உட்காருவார்கள். முதலில் செய்தி, அரசாங்க அறிவிப்பு. அது முடிந்து பாட்டு வரும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்களாம். "காலையில பேர் கூப்பிடுற எடத்துல சாயங்காலம் பாட்டு" என்று அப்பா சொல்வார். விடியுமுன் ஆளெண்ணும் அதே களத்தில், மேலே இருந்து வந்த ஒரு பெட்டியின் முன்னால், நம் ஆட்கள் முதல்முதலாக ரேடியோ கேட்டார்கள்.

நான் பிறந்து வளர்ந்தபோது டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு இல்லை, ஆனால் லயத்துக்கு இரண்டு மூன்று. எங்கள் வீட்டில் இருந்தது சிவப்புத் தோல் உறை போட்ட பெட்டி. உறையில் சின்னச் சின்ன ஓட்டைகள். அப்பா ஒரு செம்புக்கம்பியை ஏரியலில் சுற்றி, ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, துணி காயப்போடும் கொடிக்கம்பத்தில் கட்டியிருந்தார். அம்மா ஈரத்துணி போட்டால் இரைச்சல் கூடும், துணி காய்ந்தால் குறையும் என்பது அவர் நம்பிக்கை. ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம். பரிசோதிக்க ஆள் வருகிறான் என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைப் பக்கமிருந்து பையன்கள் ஓடிவந்து சொன்னால், பெட்டி அரிசித் தகரத்துக்குள் போய்விடும்.

ஒரு தடவை அப்பா தபால் அட்டை எழுதி அக்காவின் பிறந்தநாளுக்கு வாழ்த்துப் பாட்டு கேட்டிருந்தார். அன்றைக்கு அம்மா மலையிலிருந்து, அதாவது பால் வெட்டும் ரப்பர்க் காட்டிலிருந்து, வந்து இன்னும் குளிக்கவில்லை. ரப்பர்ப் பால் சிந்திக் காய்ந்து விறைத்துப்போன சட்டையோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தார். அறிவிப்பாளர் அக்காவின் பெயரைச் சொன்னார். அப்புறம் அப்பா பெயர், அம்மா பெயர், எங்கள் தோட்டத்தின் பெயர், பீடோங், கெடா. என்ன பாட்டுப் போட்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம தோட்டத்துப் பேர இன்னொரு தடவ சொல்வாங்களா?" என்று கேட்டது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. தன் பெயர் வந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தின் பெயரைத்தான் திரும்பக் கேட்க விரும்பினார். அந்தப் பெயர் அதுவரை ஆள் கணக்குப் பதிவேடான செக்ரோலிலும் சம்பளச் சீட்டிலும் மட்டும்தான் இருந்தது.

உள்ளூர் வானொலி எதற்கு என்று என்னிடம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எஃப்.எம். பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மத்திய அலை இரவில் வானில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். அதனால்தான் அந்தக் காலத்தில் ராத்திரியில் எங்கெங்கோ இருந்து குரல்கள் கலந்து கேட்டன. எஃப்.எம். அப்படியில்லை, அது கிட்டத்தட்டக் கண் பார்க்கும் நேர்கோட்டில் போவது. குறுக்கே மலை வந்தால் நின்றுவிடும். ஆகவே உயரம்தான் எல்லாம். ஜெராய் மலை 1,217 மீட்டர். அங்கே கோபுரம் வைத்தால் கெடா, பெர்லிஸ், பினாங்கு மூன்றையும் தொட்டுவிடலாம். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்குக்கு உலு காலி மலையில் இருந்து கொடுப்பதும் இதனால்தான். வங்கக்கடலைத் தாண்டி வந்த கப்பல்கள் கடாரத்துக்கு அடையாளமாகப் பார்த்தது இதே ஜெராய் மலையைத்தான். இன்றைக்கு ராத்திரியில் பீடோங் சாலையில் நின்றால் உச்சியில் சிவப்பு விளக்குத் தெரிகிறது.

உங்களுக்கு ஜெராய் மலை வேண்டாம். 30 மீட்டர் உயரக் கம்பம் ஒன்று, சமதரையில் கணக்குப்படி 20, 25 கிலோமீட்டருக்குப் பார்வைக்கோடு கொடுக்கும். பீடோங், சுங்கை லாலாங், சுங்கைப்பட்டாணி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். எஃப்.எம். இயல்பிலேயே உள்ளூர்க்காரன். அதை மலையுச்சியில் ஏற்றி மாநிலக்காரனாக்கியது நாம்.

தமிழுக்கு இன்று குறை என்று சொல்ல முடியாது. அரசாங்கத்தின் ஆறாம் வானொலி 2005-ல் மின்னல் எஃப்.எம். ஆனது. 1994-ல் நெடுஞ்சாலைப் பயணிகளை மனதில் வைத்துத் தொடங்கிய டைம் ஹைவே ரேடியோ, பின்னால் தமிழுக்கு மாறி, இன்றைக்கு ராகாவாக இருக்கிறது. இரண்டையும் கேட்கிறேன், இரண்டின் மேலும் எனக்கு மரியாதை உண்டு. மலேசியத் தமிழ் நாடகத்தையும் கதையையும் வளர்த்ததில் வானொலிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நம் பீடோங்கில் பிறந்த ரெ. கார்த்திகேசு வானொலியில் வேலை பார்த்து, பிறகு பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, கதைகளும் நாவல்களும் எழுதினார். ஆனால் நாடு முழுவதுக்கும் பேசுகிற நிலையம் நம் தோட்டத்துத் திருவிழாத் தேதியைச் சொல்ல முடியாது. சுங்கைப்பட்டாணியில் எந்தச் சாலையில் வெள்ளம் ஏறியிருக்கிறது, காலமானவரின் இறுதிச்சடங்கு எந்தத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் சொல்ல நேரம் இருக்காது. அது அவர்கள் குற்றமில்லை.

இப்போது காரியத்துக்கு வருவோம். இணையத்தில் சின்ன டிரான்ஸ்மிட்டர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிக் கம்பத்தில் கட்டிவிடலாம் என்று உங்களில் யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டப்படி ஒலிபரப்புக்கு உரிமம் வேண்டும், அலைவரிசையை ஆணையம் ஒதுக்கித் தர வேண்டும். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. எஃப்.எம். அலைவரிசை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. விமானங்கள் வழி கண்டுபிடிக்கப் பயன்படுத்துவது அங்கேயே தொடங்குகிறது. சரியாக வடிகட்டாத மலிவுக் கருவி அங்கே போய் இரைச்சல் போடும். பட்டர்வொர்த் விமானத்தளமும் பினாங்கு விமான நிலையமும் நமக்கு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

உரிமம் சுலபத்தில் கிடைக்காது, செலவும் கூட. அதற்காக ஐந்து பேரும் காத்துக்கொண்டு உட்கார வேண்டாம். இணைய வானொலிக்கு அலைவரிசை வேண்டியதில்லை. தாமானில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று தொடங்குங்கள். சொன்ன நாளில் சொன்ன மணிக்குத் தொடங்குங்கள், அதை மட்டும் ஒருபோதும் தவற விடாதீர்கள். ஒரு வருஷம் விடாமல் நடத்திய பிறகு உரிமத்துக்கு எழுதினால் உங்கள் கையில் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். பாட்டு ஒலிபரப்புவதற்கும் உரிமைக் கட்டணம் உண்டு, அதையும் முதலிலேயே விசாரித்து வையுங்கள்.

தொடக்க நாளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரிப்பன் வெட்டப் பெரிய மனிதர்களைக் கூப்பிடுவதும் மாலை போடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் ஒலிபரப்பில் முதல் குரல் அவர்களுடையதாக இருக்க வேண்டாம். பால் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மாவை உட்கார வையுங்கள். இந்த வட்டாரத்தில் இருந்த தோட்டங்களின் பெயர்களை, நாம் தமிழில் கூப்பிட்ட பெயர்களை, ஒவ்வொன்றாக அவர் சொல்லட்டும். துரை வைத்த பெயர் ஒன்று, நாம் கூப்பிட்டது வேறொன்று. வரைபடத்தில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது வாயில் மட்டும்தான் இருக்கிறது. கித்தா (ரப்பர்) மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், அப்புறம் சில தோட்டங்களில் அதையும் எடுத்துவிட்டு வீடு கட்டினார்கள். லயத்து ஜனங்கள் தாமான்களுக்குச் சிதறிப் போனார்கள். நான் பிறந்த தோட்டம் இருந்த இடத்தில் இப்போது மாடிவீட்டு வரிசை. புதிதாகக் குடிவந்தவர்களிடம் பழைய பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை.

பேசுகிறவரை அவசரப்படுத்தாதீர்கள். பெயரை மறந்து நிறுத்தினால், பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாட்டி எடுத்துக்கொடுப்பார். அந்த நிறுத்தத்தையும் எடுத்துக்கொடுப்பதையும் வெட்டாமல் அப்படியே விடுங்கள். அவர்கள் தோட்டத்து வாய்ப்பேச்சிலேயே பேசட்டும். மண்டோர், பெரட்டு, ஒட்டுப்பால், நிரை எல்லாம் வரும். அறிவிப்பாளர் நடுவில் புகுந்து விளக்கம் சொல்ல வேண்டாம். பேரப்பிள்ளைகள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

எனக்குத் தெரிந்த பெயர்கள் 14 எழுதி வைத்திருக்கிறேன், தனி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அதில் இரண்டு எந்தத் தோட்டத்தைக் குறிக்கும் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கோயில் மண்டபத்தில் பார்த்த அந்தப் பெரியவரிடம் காட்டிக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்.