சென்னையில் பக்கத்துத் தெரு ஓட்டலைப் பற்றி நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதுவது எப்படி?

திருவல்லிக்கேணிக்குப் புதிதாகக் குடிவந்திருப்பதாகவும், அக்கம்பக்கத்து ஓட்டல், மெஸ்களைப் பற்றி எழுத ஆசைப்படுவதாகவும், 'சூப்பர்', 'சுமார்' தாண்டி என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எந்த மாதம். 'அந்தக் கடை நல்லா இருக்கும்' என்பதில் இந்த மூன்றும் இல்லை. சென்னை டிபன் ஓட்டல் காலையில் ஒரு கடை, மதியம் இன்னொரு கடை, ராத்திரி வேறொரு கடை. காலையில் அடுப்பில் நிற்பவர் வேறு, மதியச் சாப்பாட்டுக்கான சரக்கு மாஸ்டர் வேறு, சாயங்காலம் கல்லில் நிற்கும் பரோட்டா மாஸ்டர் வேறு. பொங்கல் பிரமாதமாக இருக்கும் இடத்தில் பரோட்டா ரப்பராக இழுக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே நட்சத்திர மதிப்பீடு போட்டால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இட்லியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கடையின் ஒழுங்கு அதில்தான் முதலில் தெரியும். இட்லிக் கொப்பரையிலிருந்து இறக்கிய ஈடு சில நிமிடங்களில் தட்டுக்கு வந்தால் மேல்புறம் ஈரமில்லாமல் இருக்கும், விரலால் அழுத்தினால் எழும்பி வரும். இறக்கியதை ஹாட் பாக்ஸில் அடுக்கி வைத்தால், ஆவி மூடியில் பட்டுத் திரும்ப இட்லிமேலேயே சொட்டும். அடியில் இருக்கும் இட்லி நசநசத்துப்போகும். இதை 'இட்லி சரியில்லை' என்று எழுதாதீர்கள். '9.40க்குப் போனேன், பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார்கள், அடிப்பக்கம் ஈரம்' என்று எழுதுங்கள். படிப்பவர் ஏழரைக்கே போய்விடுவார்.

இட்லி கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் உளுந்து குறைவு, அல்லது மாவு சரியாகப் பொங்கவில்லை. மார்கழி, தை மாதங்களில் மாவு பொங்கத் தாமதமாகும். சித்திரை, வைகாசியில் அதே மாவு விடிவதற்குள் புளித்துவிடும். எந்த மாதம் என்று எழுதச் சொல்வதற்கு இது முதல் காரணம். சோடா மாவு கூடிப்போயிருந்தால் இட்லியில் லேசான மஞ்சள் சாயல் தெரியும், விழுங்கிய பிறகு நாக்கில் சோப்புபோல ஒரு சுவை நிற்கும்.

அடுத்தது சாம்பார். டிபன் சாம்பார் இயல்பாகவே நீர்க்கத்தான் இருக்கும், சாப்பாட்டுச் சாம்பாரின் கெட்டி அதற்குத் தேவையில்லை. ஆகவே 'தண்ணியா இருந்தது' என்பது மட்டும் குறை ஆகாது. ஒரு நிமிடம் கிண்ணத்தைத் தொடாமல் வையுங்கள். பருப்பு அடியில் தங்கி மேலே தெளிந்த நீர் நின்றால், கூட்டம் ஏறிய பிறகு வெந்நீர் விட்டு நீட்டியிருக்கிறார்கள். பருப்பின் மணல்மணலான தன்மையே இல்லாமல் வழவழப்பாக, ஆற ஆற மேலே ஏடு கட்டினால் மாவு கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குறைகள். முதலாவது சீக்கிரம் போனால் தீரும், இரண்டாவது எப்போது போனாலும் இருக்கும்.

உங்கள் பேட்டையிலேயே திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே இருக்கிறது, 1948இல் தொடங்கியது. அங்கே சாம்பார் தொட்டுக்கொள்ளும் பொருள் இல்லை. இட்லி முங்கும்படி ஊற்றி, கேட்கக் கேட்க மறுபடியும் ஊற்றுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கவனிக்க வேண்டியது, கடைசி வாய்வரை இட்லி கரையாமல் நிற்கிறதா, இரண்டாம் முறை ஊற்றியதும் முதல் முறை போலவே சூடாக இருக்கிறதா என்பதுதான். சட்னி எத்தனை வகை என்று எண்ணி அந்தக் கடையை எடைபோட்டால் அது தவறான அளவுகோல். அதுபோலவே மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். இடம் சின்னது, வெளியே நின்று காத்திருக்க வேண்டும், பேர் வாங்கியது கெட்டிச் சட்னியும் பொங்கலும் வடையும். 'உட்கார இடமில்லை, ஏசி இல்லை' என்று அதற்கு மதிப்பெண் குறைப்பதில் யாருக்கும் பயனில்லை. எத்தனை மணிக்குப் போனால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது, போனபோது எது தீர்ந்திருந்தது என்று எழுதினால் வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு உதவும். கிழக்கு மாட வீதிக் கற்பகாம்பாள் மெஸ்ஸுக்குக் கீரை வடை, அடை அவியல் என்று போவார்கள். அங்கே போய்ச் சப்பாத்தி குருமாவை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கே தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. ஒவ்வொரு கடைக்கும் எதற்காக ஜனங்கள் வருகிறார்களோ அதை ஒருமுறையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

தேங்காய்ச் சட்னி சென்னை வெயிலில் சில மணி நேரம்தான் தாங்கும். காலை ஆறு மணிக்கு அரைத்ததைப் பத்து மணிக்கும் ஊற்றினால் புளிப்பு வாடை எழும், ஓரத்தில் நுரை தெரியும். பொட்டுக்கடலை கூடுதலாகச் சேர்ந்தது குற்றம் இல்லை, ஆனால் வெறும் பொட்டுக்கடலைச் சட்னி என்றால் சொல்லுங்கள். பொங்கலை ஆறவிட்டுப் பாருங்கள். நெய் என்றால் வாசனை ஆறிய பிறகும் இருக்கும். வனஸ்பதி என்றால் தட்டோரத்தில் வெள்ளையாக உறையும், மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும்.

வடையைப் பிய்த்து, உள்ளே எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். மாவில் நீர் கூடியிருந்தாலும், எண்ணெய் காயாமல் போட்டிருந்தாலும் வடை எண்ணெய் குடிக்கும். இவை கைக்குறை. ஆனால் வடை கறுத்து, பழைய எண்ணெய்க் காறல் தொண்டையில் நின்றால் அது பாதுகாப்பு விஷயம். எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் அதில் சேரும் கழிவுப் பொருள்கள் (மொத்த துருவச் சேர்மங்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியாவில் விதி. சாப்பிடுகிறவர் அதைக் கண்ணால் அளக்க முடியாது. ஆகவே 'விதியை மீறுகிறார்கள்' என்று எழுதாமல், கண்டதை எழுதுங்கள்: 'சட்டியில் எண்ணெய் டீத்தண்ணி நிறம், நுரை அடங்கவே இல்லை, புகை வந்தது.'

தோசைக்கு ஒரே ஒரு சோதனை. கூட்ட நேரத்தில் சாப்பிடுங்கள். கல்லில் தோசை விடாமல் விழும்போது சூடு இறங்கும். அனுபவப்பட்ட மாஸ்டர் தண்ணீர் தெளித்து, துடைத்து, சூடு சமப்படும்வரை நிறுத்தி ஊற்றுவார். அவசரப்பட்டால் நடுப்பக்கம் வெந்து ஓரம் வெளிறிப்போகும்.

காபிக்கும் நேரம்தான் முக்கியம். முதல் டிகாக்ஷன் இறங்கிய காபியும், சுடவைத்துச் சுடவைத்துத் தீர்ந்துகொண்டிருக்கும் டிகாக்ஷனில் போட்ட காபியும் ஒரே பொடியில் வந்தவை என்றே நம்ப முடியாது. பின்னதில் மணம் போய்க் கசப்பு மட்டும் இருக்கும். 'சர்க்கரை கம்மி' என்று கேட்டால் முடிகிறதா, அல்லது பாலிலேயே கலந்து வைத்திருக்கிறார்களா என்பதையும் எழுதுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத்தான் தேடுவார்கள்.

அக்பர் சாகிப் தெருக் காசி விநாயகா மெஸ் மாதிரி டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் சாப்பாட்டுக் கடைகளில், எந்த நேரத்துக்கு டோக்கன் கிடைத்தது, இரண்டாம் முறை கேட்டபோது கறி, கூட்டு வந்ததா, ரசம் சூடாக வந்ததா என்பவைதான் தகவல். மேன்ஷன் என்ற விடுதிகளில் அறை எடுத்துத் தங்கி மாதம் முழுக்க வெளியே சாப்பிடுகிறவர்கள் உங்கள் பகுதியில் நிறைய. அவர்களுக்கு ஒருநாள் ருசியைவிட, திங்கள் முதல் சனி வரை குழம்பு, கூட்டு மாறுகிறதா என்பதே பெரிது. எண்ணெய், காரம், வயிற்றில் எப்படி இருந்தது என்பதையும் அவர்களுக்காகவே எழுதலாம்.

பிரியாணியில் அண்டாவின் எந்தப் பகுதி உங்கள் தட்டுக்கு வந்தது என்பதைப் பொறுத்தே சுவை. தம் உடைத்ததும் மேலே இருப்பது உதிரியாக, மசாலா குறைவாக இருக்கும். அடிக்குப் போகப்போக எண்ணெயும் மசாலாவும் கூடும். பதினொன்றரைக்குச் சாப்பிட்டவர் 'காரமே இல்லை' என்பார், இரண்டரைக்குச் சாப்பிட்டவர் 'ஒரே எண்ணெய்' என்பார். இருவரும் சொல்வது உண்மை. அரிசி சீரகச் சம்பாவா பாசுமதியா, அரை பிளேட்டில் எத்தனை துண்டு, அதில் எலும்பு எவ்வளவு, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயா தால்சாவா என்று எழுதுங்கள். பழையதைப் புதியதோடு கலந்திருந்தால் ஒரே தட்டில் சில பருக்கைகள் முனை காய்ந்து விறைத்திருக்கும், சில பூப்போல இருக்கும்.

கொஞ்சம் தள்ளிப் பாரிமுனைக்குப் போனால், பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலம் அத்தோ கடைகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எலுமிச்சை, பொரித்த பூண்டு எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். 'கையால் பிசைகிறார்கள்' என்று அதிர்ச்சி காட்டி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்த உணவின் முறையே அதுதான். கவனிக்க வேண்டியது வேறு: காசு வாங்குகிற கையும் பிசைகிற கையும் ஒன்றா, கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா, நறுக்கிய கோஸ் மூடி வைத்திருக்கிறதா, பூண்டு மொறுமொறுப்பாக இருக்கிறதா, சூப் கொதித்துக்கொண்டே இருக்கிறதா.

உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் நிதானம் வேண்டும். கடைசியாகச் சாப்பிட்ட கடைமேல்தான் எல்லோருக்கும் கோபம் வரும். வெளியில் நெடுநேரம் வைத்த சோற்றில் வளரும் பாசிலஸ் செரியஸ் பாக்டீரியா வகை, ஸ்டாபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சு ஆகியவை பொதுவாக ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் வாந்தி வரவழைக்கும். சால்மொனெல்லா பாக்டீரியாவால் வரும் கோளாறோ ஆறு மணி நேரத்திலும் வரலாம், ஆறு நாள் கழித்தும் வரலாம். நேற்றைய கல்யாணச் சாப்பாட்டின் பழியை இன்றைய இட்லிக்கடை சுமக்கக் கூடாது. ஒரே கடையில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கும் ஒரே மாதிரி ஆகியிருந்தால் பில்லோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுங்கள், அவர்களால் மாதிரி எடுத்துச் சோதிக்க முடியும்.

பில்லில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு வியாபாரப் பதிவு. 2 என்பது குறை அல்ல, தள்ளுவண்டிக்கும் சின்ன மெஸ்ஸுக்கும் அதுதான். ஜிஎஸ்டி பெரும்பாலான ஓட்டல்களில் மத்திய அரசுக்கு இரண்டரையும் மாநில அரசுக்கு இரண்டரையுமாக 5 சதவீதம். ஜிஎஸ்டி வசூலித்துவிட்டுப் பில்லில் ஜிஎஸ்டி எண் அச்சிடாத கடையைப் பற்றித் தாராளமாக எழுதலாம். பார்சலுக்குத் தனியாக எவ்வளவு, சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டினார்களா என்பதும் சேரட்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, இருந்தும் அந்தக் கவர்கள் போகவில்லை.

ஆகமொத்தம் ஒரு கருத்து இந்த அளவு இருந்தால் போதும், மாதிரிக்குச் சொல்கிறேன்: 'ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை, காலை 7.15. இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. இட்லி கொப்பரையிலிருந்து நேராக வந்தது, புளிப்பில்லை. சாம்பாரில் பருப்பு தெரிந்தது, உப்பு ஒரு கல் கூட. வடை நன்றாக இருந்தது, ஆறியிருந்தது. காபியில் சர்க்கரை குறைக்க முடியவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தோம். படி மூன்று, கைப்பிடி இல்லை.' இதில் பாராட்டுச் சொல் ஒன்றுதான், ஆனாலும் போவதா வேண்டாமா என்று எவராலும் முடிவெடுக்க முடியும்.

குறை எழுதுவதற்கு முன் வேறொரு நாள் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் மாஸ்டர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், மாற்று ஆள் கையில் உப்பும் காரமும் தடுமாறும். சப்ளையர் கடிந்து பேசியிருந்தால் நடந்ததை எழுதுங்கள், அவர் பேரையும் படத்தையும் போடாதீர்கள், வேலை போய்விடும். மாஸ்டர் மாறினாலோ விலை ஏறினாலோ பழைய கருத்தை அழிக்காமல் அதன் கீழேயே தேதி போட்டு இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.