பிராட்டாவுக்கு எந்த மாவை வாங்குவது?

கேள்வி: தமிழகச் சமையல் குறிப்புகளில் ‘மைதா’ என்று மட்டுமே இருக்கிறது. இங்கு சிங்கப்பூர்ப் பேரங்காடியிலோ பிளெயின், கேக், பிரெட், டாப், செல்ஃப் ரெய்சிங் எனப் பல வகை மாவுகள் இருக்கின்றன. கேக் மாவில் செய்த பிராட்டா (பரோட்டா) வீசும்போதே கிழிந்தது. பிரெட் மாவில் செய்தது விரியாமல் சுருங்கிக்கொண்டது. எதை வாங்குவது? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: நீங்கள் குறிப்பிட்ட அனைத்துமே மைதாதான். பையின் முன்பக்கத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, பின்பக்க ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். ஏறத்தாழ 7 முதல் 9 வரை இருந்தால் கேக் மாவு, 9 முதல் 11 வரை என்றால் பிளெயின் மாவு, 12க்கு மேல் என்றால் பிரெட் மாவு. பிராட்டாவுக்கு 10, 11 கிராம் புரதமுள்ள பிளெயின் மாவே பொருத்தமானது. லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியில் கிடைக்கும் இந்திய மைதாவும் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இருக்கும்.

இந்த வேறுபாடு கோதுமையிலேயே தொடங்குகிறது. கோதுமை மணியின் எடையில் ஏறத்தாழ 83 விழுக்காடு உள்ளிருக்கும் வெண்பகுதி. எஞ்சியது மேல்தோலான தவிடும், எண்ணெய்ச் சத்துள்ள சிறு முளையும் ஆகும். ஆலையில் கோதுமையைத் தூய்மைப்படுத்திய பின், நீர் தெளித்துப் பல மணி நேரம் ஊறவிடுவார்கள். அப்போது தவிடு நொறுங்காமல் தோலாக உரியும் பதத்தை அடைய, வெண்பகுதி எளிதில் உடையும் பதத்துக்கு வருகிறது. பிறகு, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரும்பு உருளைகளுக்கு இடையே உடைத்து, சலித்து, காற்றால் தவிட்டைப் பிரித்து, மீண்டும் அரைத்து, மீண்டும் சலிப்பார்கள். வழியில் பிரித்தெடுக்கப்படும் குருணையே ரவை. அதை மேலும் நொறுக்கி நுண்ணிய சல்லடையில் சலித்தால் மைதா. (மைதா மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருகிறது என்று இன்றும் பலர் நம்புவது வியப்பளிக்கிறது.) 100 கிலோ கோதுமையிலிருந்து இப்படிக் கிடைக்கும் வெள்ளை மாவு 70 முதல் 75 கிலோ வரை இருக்கும். தவிட்டோடு நார்ச்சத்தும், முளையோடு உயிர்ச்சத்துகளும் பெருமளவு போய்விடுவதால், ஆட்டா மாவுக்கு இது சத்தில் ஈடாகாது.

சிங்கப்பூரில் கோதுமை விளைவதில்லை. 1961இல் தொடங்கிய பிரீமா நிறுவனமே இங்கு முதல் மாவாலையை அமைத்தது. இறக்குமதியாகும் கோதுமைகளில் கடினமான வகையில் புரதம் மிகுதி, மென்மையான வகையில் குறைவு. எதை எந்த அளவில் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாவின் தன்மை அமைகிறது.

கோதுமைப் புரதத்தோடு நீர் சேர்ந்தால் குளூட்டன் எனும் பசைவலை உருவாகிறது. ஐயமிருந்தால், 100 கிராம் மாவை 60 மில்லி நீரில் பிசைந்து அரை மணி நேரம் நீரில் மூழ்க வைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் மெல்லக் கசக்கிக் கழுவுங்கள். வெள்ளைப் பாலாக மாச்சத்து கரைந்தோடிய பின், மெல்லிய பழுப்பு நிறத்தில் ரப்பர்போல இழுபடும் உருண்டை ஒன்று கையில் மிஞ்சும். கேக் மாவில் அது சிறியதாக, விரைவில் அறுந்துபோவதாக இருக்கும், பிரெட் மாவில் பெரியதாக, இழுத்தாலும் மீண்டும் சுருங்குவதாக இருக்கும். உங்கள் பிராட்டாக்களில் நேர்ந்ததும் இதுவே.

மாவு சரியாக இருந்தாலும் ஊறும் நேரம் போதாவிட்டால் பிராட்டா விரியாது. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. 500 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி நெய், ஏறத்தாழ 280 மில்லி நீர் சேர்த்து நன்கு பிசையுங்கள். உருண்டைகளாக்கி, தாராளமாக எண்ணெய் தடவி, நான்கைந்து மணி நேரமாவது மூடி வையுங்கள். இரவு முழுவதும் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வீசுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த உருண்டை எந்த மாவானாலும் கிழியும். செல்ஃப் ரெய்சிங் மாவு மட்டும் வேண்டாம். அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கிறது.

உங்களிடம் எஞ்சிய கேக் மாவு பாதுஷாவுக்கு உதவும். நெய்யை மாவில் நன்றாகத் தேய்த்துவிட்டு, நீர் சேர்த்ததும் அழுத்திப் பிசையாமல் ஒன்றுசேர்த்தால் போதும். நெய் புரதத்தைச் சூழ்ந்துகொள்வதால் வலை உருவாகாமல் உள்ளே பொரபொரப்பு வரும். மைதா முறுக்குக்கு மாவைத் துணியில் கட்டி ஆவியில் வேகவைப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான்: சூட்டில் புரதம் இறுகி, நீர் பட்டாலும் இழுவை வராது. வெந்த மாவு கட்டியாகியிருக்கும். சூடு முழுதும் ஆறுவதற்குள் உடைத்துச் சலித்துவிடுங்கள்.