லேக் வியூ அறையும் பில்லில் ஏறிய பத்து சதவீதமும்: கொடைக்கானல் கேள்வி-பதில்

சீசன் நெருங்குகிறது. வந்த கடிதங்களில் பாதி கொடைக்கானலைப் பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

‘லேக் வியூ’ என்று ஒரு இரவுக்கு 5,500 ரூபாய் வாங்கினார்கள். பால்கனியில் நின்றால் மரம்தான் தெரிந்தது. ஓரமாகச் சாய்ந்து பார்த்தால் கொஞ்சம் தண்ணீர். கேட்டதற்கு, “அதுதான் சார் வியூ” என்றார் மேனேஜர். ஏதாவது செய்ய முடியுமா? (திருப்பூர்)

முடியும். அதற்கு முன் இந்த லேக் வியூ சமாச்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், வருஷா வருஷம் இதே புகார் வந்துகொண்டிருக்கிறது. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி அது. நட்சத்திரம் மாதிரி கை கையாகப் பிரிந்து கிடக்கும். ஒரு கையின் ஓரத்தில் நின்றால் அடுத்த கை தெரியாது. சுற்றி வரும் ஐந்து கிலோமீட்டர் சாலையிலும் பெரும்பாலும் மரங்கள்தான். அதனால் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் விடுதி வேறு, ஏரி தெரியும் விடுதி வேறு. முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் மேலே சரிவில் தங்க வேண்டும். அப்போது ஏரிக்கு நடந்து போய்த் திரும்பும்போது மூச்சு வாங்கும் ஏற்றம், வயசானவர்களுக்கு ஆகாது. மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்த வியூவும் இல்லை. விளம்பரத்தில் இருக்கும் படமோ பல இடங்களில் மொட்டை மாடியில் நின்று எடுத்தது. நானும் இந்த இரண்டு வார்த்தையை நம்பிக் கூடுதல் பணம் கட்டியிருக்கிறேன், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: “எனக்குத் தரப்போகும் அறையின் நம்பர் என்ன? அதன் ஜன்னலில் இருந்து இன்றைக்கு ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.” அனுப்ப மறுத்தால் ‘வியூ’வுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தராதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜன்னலில் எடுத்த படம், பில் மூன்றும் இருந்தால் முதலில் 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) அழையுங்கள். தீரவில்லையென்றால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடைக்கானலுக்கு அலைய வேண்டாம். 2019 சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது. இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

மே முதல் வாரம் ஒன்பது பேர் வருகிறோம். ரூம் போடவில்லை, அங்கே வந்து பேரம் பேசினால் குறையுமா? (சேலம்)

குறையாது. இ-பாஸாவது எடுத்தீர்களா? 2025 சீசனில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிக்கு மேல் விடவில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு ராத்திரியில் ‘ஏழு ரோடு’ சந்திப்பில் நின்று புரோக்கரிடம் பேசுவதெல்லாம் பேரத்தில் சேர்த்தியில்லை.

மேப்பில் இருந்த நம்பருக்கு அழைத்து 8,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். போய் இறங்கினால், “அது எங்கள் நம்பரே இல்லை” என்கிறார்கள். வீட்டில் எல்லாரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். (விருதுநகர்)

திட்டுகிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்: தப்பு உங்கள் மேல் இல்லை. விடுதியின் பெயருக்குக் கீழே சொந்த நம்பரைச் செருகி வைத்துக் காத்திருக்கும் கூட்டம் அது. படித்தவர், விவரமானவர் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இன்னும் அழைக்கவில்லை என்றால் இந்த நிமிஷமே 1930-க்கு (சைபர் குற்ற உதவி எண்) அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பி வர வாய்ப்பு, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மற்றவர்களுக்கு: பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். விடுதியின் பெயர் வராமல் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அதே விடுதிக்கு வேறு வழியில் நம்பர் தேடிப் பேசுங்கள்.

‘கொடைக்கானல் காட்டேஜ்’ என்று புக் செய்தோம். பூம்பாறைப் பக்கம் இருக்கிறது! ராத்திரி எட்டு மணிக்கு ஒரு டீக்கடைகூட இல்லை, பிஸ்கட் தின்று படுத்தோம். (மதுரை)

விளம்பரத்தில் கொடைக்கானல் என்றால் அது கீழே பெருமாள்மலையாக இருக்கலாம், வட்டக்கானலாக இருக்கலாம், பதினெட்டு இருபது கிலோமீட்டர் தள்ளிப் பூம்பாறையாகவும் இருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் இருந்து எத்தனை கிலோமீட்டர், கடைசி வரைக்கும் கார் போகுமா, ராத்திரிச் சாப்பாடு உண்டா, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று நான்கு கேள்வி கேட்க இரண்டு நிமிஷம் ஆகுமா? ஏமாற்றியவர்கள் மேல் கோபம் வருகிறது, சரி. ஆனால் மேப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டு எனக்கு எழுதினால் நான் என்ன செய்ய?

டிரைவர் கூட்டிப்போன ஹோட்டலில் அளவுச் சாப்பாடு 280 ரூபாய், சாம்பார் ஆறிக் கிடந்தது. (கரூர்)

அவருக்கு அங்கே சாப்பாடு இலவசம், சில இடங்களில் கமிஷனும் உண்டு. வண்டி பேசும்போதே, “சாப்பிடும் இடத்தை நாங்கள் சொல்கிறோம்” என்று சொல்லிவிடுங்கள். பஸ் ஸ்டாண்டு, அண்ணா சாலைப் பக்கம் கடைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். கூட்டம் வந்து போகிற கடையில்தான் சாம்பார் சூடாக இருக்கும்.

ஹீட்டருக்குத் தனியாக 500 ரூபாய் கேட்டார்கள். வெந்நீர் காலை ஏழு முதல் ஒன்பது வரைதான். நியாயமா? (தூத்துக்குடி)

முன்கூட்டிச் சொல்லாமல் கேட்டிருந்தால் நியாயமில்லை. நீங்கள் அனுப்பிய ரசீதின் பின்பக்கத்தில் இரண்டுமே அச்சடித்திருக்கிறது.

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டுமா, கொண்டுபோகலாமா? (திண்டுக்கல்)

ஸ்டீல் பாட்டிலில் கொண்டுபோங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே தடை. பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி.

பில்லில் ஜிஎஸ்டி போக ‘சர்வீஸ் சார்ஜ்’ பத்து சதவீதம் போட்டிருந்தார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா? (சென்னை)

வேண்டாம். அது அரசுக்குப் போகும் வரியே இல்லை. கேட்காமல் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஹோட்டல்காரர்கள் எதிர்த்துப் போன வழக்கில் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிட்டு வேறு பில் தரச் சொல்லுங்கள். பரிமாறிய பையனுக்குக் கொடுக்க நினைப்பதை அவன் கையிலேயே கொடுங்கள்.