வாழ்நாள் முழுக்க நீளவாக்கிலேயே வரைந்த ஓவியர் யாராவது உண்டா? அந்த வடிவத்தில் அப்படி என்ன இருக்கிறது?

உண்டு. வங்காளத்தில் தாகூர் உருவாக்கிய சாந்திநிகேதனில் வாழ்ந்த பினோத் பிஹாரி முகர்ஜி (1904–1980). சதுரமாகவும் சின்னதாகவும் வரைந்திருக்கிறார்தான். ஆனால் இளமையிலிருந்து முதுமை வரை திரும்பத் திரும்ப அவர் போய்ச் சேர்ந்த இடம் நீளம்.

நீள ஓவியம் என்றதும் மலையுச்சியிலிருந்து பார்க்கிற பரந்த காட்சிதான் நம் நினைவுக்கு வரும். எல்லாமே ஒரே பார்வையில் அடங்கிவிடும். இவருடையது அப்படி இல்லை, நடந்துகொண்டே பார்க்க வேண்டிய ஓவியம்.

பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. 1919இல் அங்குள்ள கலைப்பள்ளியான கலாபவனில் சேர்ந்து ஓவியர் நந்தலால் போஸிடம் படித்தார். 20 வயதை ஒட்டி சாந்திநிகேதனை ஒரே சுருளில் வரைந்தார். நீளம் ஏறக்குறைய 44 அடி, உயரமோ சில அங்குலம்தான். மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளிடம் தொடங்குகிறது. அப்புறம் மரங்கள், வெட்டவெளி, மாறுகிற பருவங்கள், மறுபடி மரங்கள். மனிதர்கள் ரொம்பக் குறைவு. இந்த மாதிரிச் சுருளை ஒரு கையால் பிரித்து மறு கையால் சுருட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் கண்ணெதிரே இருப்பது ஒன்றிரண்டு முழம்தான்.

கிட்டே வைத்தால்தான் தெரியும் என்கிற கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்காக, கண் குறையால்தான் இப்படி வரைந்தார் என்று முடித்துவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். தூரக்கிழக்கின் சுருள் மரபை ஊன்றிப் படித்தவர் அவர். 1937-38இல் ஜப்பானுக்கே போய் வந்தார்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் சாந்திநிகேதனின் இந்தி பவன் கட்டடத்தில் உள்ள அவருடைய சுவரோவியத்தைப் பாருங்கள் (1946–47). மூன்று சுவர்களின் மேல்பாதியில், 80 அடியை நெருங்கும் நீளத்துக்கு, இடைக்கால பக்தி அடியார்கள் வருகிறார்கள். ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ். அடியார்கள் தூண்போல நெடுநெடுவென்று நிற்க, அவர்களைச் சுற்றி ஊர்ச்சனம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. ஒருவர் கதை எங்கே முடிந்து அடுத்தவர் கதை எங்கே தொடங்குகிறது என்று தேடினால் கிடைக்காது, ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. அண்ணாந்து பார்த்தபடி அந்த அறையை மூன்று சுற்று வந்தேன். கழுத்து வலித்தது. வெளியே வர மனமில்லை.

அது ஈரச் சுண்ணாம்புக் காரையின் மேல் தீட்டியது. காரை காய்வதற்குள் அன்றைய பகுதியை முடித்தாக வேண்டும், பிறகு திருத்த முடியாது. சுவர் அளவுக்கு மாதிரி வரைந்து ஒற்றி எடுக்கவும் இல்லை. முழுச் சுவரையும் ஒரே பார்வையில் தெளிவாகக் காண முடியாத ஒருவர், இத்தனை நீளத்தையும் மனதிலேயே வைத்திருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. கூடவே நின்று உதவிய மாணவர்களில் கே.ஜி. சுப்ரமணியனும் ஒருவர். கேரளத்தின் கூத்துபறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பின்னாளில் தானும் பெரிய சுவரோவியங்கள் செய்தவர்.

1956-57 வாக்கில் கண் அறுவை சிகிச்சை பலிக்காமல் இருந்த பார்வையும் போனது. அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. காகிதத்தை மடித்தும் வெட்டியும் உருவங்கள் செய்தார். 1972இல் கலாபவன் சுவருக்கு ஓடுகளாலான ஒரு சுவரோவியம் செய்தார், அதுவும் நீளவாக்கில்தான். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் எடுத்த ஆவணப்படத்தில் அந்த வேலையைப் பார்க்கலாம்.

இந்த வடிவத்தில் என்ன இருக்கிறது என்று கையால் தெரிந்துகொள்ள விரும்பினால், கடைகளில் பில் போடும் காகித ரோல் ஒன்று வாங்குங்கள். நான் எங்கள் தெருவை அதில் வரைந்தேன். முதல் அரை மணி நேரம் ‘நடுவில் எதை வைப்பது’ என்றே கை தயங்கியது. பால் பூத்தைத் தாண்டி வேப்பமரத்துக்கு வந்தபோது அந்தக் கேள்வி மறந்துபோயிருந்தது. தெருமுனை வரை வரைந்த பிறகும் ரோலில் நிறைய மிச்சம் இருந்தது, அதனால் அடுத்த தெருவுக்குத் திரும்பினேன்.