கோ-ஆத்தர் மேப்ல நடுவுல நிக்கிற அந்த குமார் யாரு?

கேள்வி: எங்க காலேஜ் பேப்பர் எல்லாத்தையும் வெப் ஆஃப் சயின்ஸ்ங்கற ஆய்வுக் கட்டுரை டேட்டாபேஸ்ல இருந்து எடுத்து, விஓஎஸ்வியூவர்ங்கற சாஃப்ட்வேர்ல கோ-ஆத்தர் மேப் (யாரு யாரோட சேர்ந்து பேப்பர் எழுதினாங்கன்னு காட்டுற படம்) போட்டேன். நட்டநடுவுல 'குமார் எஸ்'னு பெரிய வட்டம் வருது, கெமிஸ்ட்ரி, சிவில், கம்ப்யூட்டர்னு எல்லா பக்கமும் அவருக்கு கோடு போகுது. இவர்தான் எங்க காலேஜை இணைக்கிற முக்கியமான ஆள்னு தீசிஸ்ல எழுதலாமா?
– பிஎச்.டி. மாணவி, திருச்சி

பதில்: தயவுசெஞ்சு இப்போ எழுதிடாதீங்க. அது ஒரு ஆளா இருக்க வாய்ப்பே கம்மி, செந்தில்குமார், சுரேஷ்குமார், சும்மா எஸ். குமார்னு நாலஞ்சு பேர் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வந்திருப்பாங்க. நமக்கு குடும்பப் பேரு கிடையாது, இனிஷியல் அப்பா பேருல இருந்து வருது, ஜர்னல்காரங்களோ ஒரு சர்நேம் வேணும்னு எதையோ ஒண்ணைப் பிடிச்சு போட்டுடுறாங்க, அதனால நம்ம ஊரு டேட்டாவுல இது எப்பவும் நடக்குறதுதான். தலைகீழாவும் நடக்கும், ஒரே அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு இனிஷியல், பின்னாடி வேற இனிஷியல்னு ரெண்டு புள்ளியா பிரிஞ்சு நிப்பாங்க.

பிரிஞ்சு கிடக்குறதை சேர்க்கறது ஈஸி. தெசாரஸ் ஃபைல்னு ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல், ஒரு நெடுவரிசையில இப்போ இருக்குற பேரு, பக்கத்து நெடுவரிசையில மாத்த வேண்டிய பேரு, அவ்வளவுதான். ஆனா ஒட்டிக்கிட்ட குமார்களை அந்த ஃபைலால பிரிக்க முடியாது, அதுக்கு மூல டேட்டாவுலயே போய், டிபார்ட்மென்ட் என்ன, ஈமெயில் என்ன, ஆர்கிட் நம்பர் (ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தருக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்கான்னு ஒவ்வொரு பேப்பரா பார்த்து கையால பேரை மாத்தணும். போரடிக்கும்தான், ஆனா உங்க தீசிஸ்ல உண்மையான உழைப்பு அங்கதான் இருக்கு, படம் வரையறது சாஃப்ட்வேர் செய்யுற வேலை.

அடுத்தது எண்ணுற முறை. ஃபுல் கவுண்டிங்ல ஒரு பேப்பர்ல இருக்குற ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு முழு லிங்க் விழும். 3 பேர் எழுதினா 3 ஜோடி, 10 பேர்னா 45. 2015ல ஹிக்ஸ் துகளோட நிறையை பத்தி செர்ன்ங்கற இயற்பியல் ஆய்வுக்கூடத்துல அட்லஸ், சிஎம்எஸ்னு ரெண்டு ஆய்வுக் குழுவும் சேர்ந்து போட்ட பேப்பர்ல 5,154 ஆத்தர்கள், அது ஒண்ணே 1 கோடியே 32 லட்சத்துக்கு மேல ஜோடி. உங்க காலேஜ்ல யாராச்சும் அந்த மாதிரி பெரிய ப்ராஜெக்ட்ல இருந்தா மேப் முழுக்க அந்த உருண்டைதான் தெரியும், மத்தவங்க ரெண்டு மூணு பேரா உட்கார்ந்து செஞ்ச வேலை காணாமப் போயிடும். அதனால ஃப்ராக்ஷனல் கவுண்டிங் (ஒருத்தரோட ஒரு பேப்பர் மதிப்பை கூட எழுதினவங்க லிங்க்குகளுக்குள்ள பங்கு போடுற முறை) வச்சுப் பாருங்க, அதுல 10 பேர் பேப்பர்ல ஒரு லிங்க்கோட மதிப்பு 1/9தான். ரெண்டு மேப்பையும் போடுங்க, எந்த செட்டிங்ல வரைஞ்சதுன்னு படத்துக்குக் கீழயே எழுதுங்க, குறைஞ்சது எத்தனை பேப்பர் இருந்தா ஒருத்தரை எடுத்தீங்கங்கறதையும் சேர்த்து.

கேள்வி: எங்க டிபார்ட்மென்ட் மேப்ல நான் எங்கயுமே இல்ல சார். நிறைய பேப்பர் தனியாத்தான் எழுதியிருக்கேன். இதை வச்சு ரிவ்யூ பண்ணுவாங்களோன்னு பயமா இருக்கு.
– கணித உதவிப் பேராசிரியர், மதுரை

பதில்: தனியா எழுதின பேப்பர் இந்த மேப்ல ஒரு கோடு கூட போடாது, போடவும் முடியாது. பெரும்பாலும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்குற பெரிய கூட்டத்தை மட்டும் காட்டச் சொல்லி மீதியை கழிச்சுடுவாங்க, உங்க புள்ளி அங்கதான் போயிருக்கும். எர்டிஷ் மாதிரி 500 பேருக்கு மேல சேர்ந்து எழுதின கணிதமேதையும் உண்டு, ராமானுஜன் மாதிரி இங்கிலாந்து கணிதமேதை ஹார்டியோட சேர்ந்து 1918ல பார்ட்டிஷன் (ஒரு எண்ணை எத்தனை விதமா கூட்டலா பிரிக்கலாம்ங்கறது) பேப்பர் எழுதினாலும் மீதி நிறைய தனியா எழுதினவரும் உண்டு, ரெண்டு பேரையும் ஒரே கோட்டுக் கணக்குல அளக்குறது நியாயமே இல்ல. யாரு யாரோட சேர்ந்து எழுதுறாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த மேப், வேலையோட தரத்தை எடை போட இல்ல. ரிவ்யூல இதைக் காட்டினா, கழிச்ச பேரோட லிஸ்டையும் கூடவே வைக்கச் சொல்லி எழுத்துல கேளுங்க.