கக்கனின் வறுமையும் நமது வசதியும்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். ‘பொதுவாழ்வில் எளிமை’ என்ற தலைப்பில் ஒரு பேச்சுப் போட்டிக்குத் தயாராகி வருகிறேன். அமைச்சராக இருந்த கக்கன் அவர்கள் கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருந்தார் என்று படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இன்றைய தலைவர்களைப் பாருங்கள்: விலையுயர்ந்த கைக்கடிகாரம், கறுப்புக் கண்ணாடி, சாயம் பூசிய முடி, வரிசையாகக் கார்கள். சிலருக்குக் குடிப்பழக்கம் இருப்பதாகவும் சொல்கிறார்கள். உடையையும் பழக்கவழக்கத்தையும் பார்த்தே ஒரு தலைவர் நேர்மையானவரா இல்லையா என்று முடிவு செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். இது சரிதானா? போட்டியில் சொல்வதற்கு வேறு எளிய தலைவர்களின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் வாசகன்,
திண்டுக்கல்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் கக்கனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்மையில் ஒரு கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர் நீங்கள் எழுதியிருக்கும் அதே பொது வார்டுக் காட்சியை உருக்கமாக விவரித்தார். கேட்டவர்கள் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பத்தாண்டுக் காலம் அமைச்சராக இருந்த அந்த மனிதர் என்ன செய்தார் என்பது பற்றி அந்த உரையில் ஒரு வரிகூட இல்லை. அவர் எப்படி நோயுற்றுக் கிடந்தார் என்பது மட்டுமே இருந்தது. வீடு திரும்பிய பிறகும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

உங்கள் கண்ணீரை மதிக்கிறேன். தான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்ட ஒரு முதியவருக்காக இந்த வயதில் அழ முடிகிற பிள்ளை நல்ல மனம் படைத்தவராகவே இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்ணீரிலிருந்து நீங்கள் எட்டியிருக்கும் முடிவு தவறானது. அதை இதமாகச் சொல்லி நழுவிவிட எனக்கு மனமில்லை.

சிறிய செய்திகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். முடிச்சாயமும் கறுப்புக் கண்ணாடியும் அவரவர் விருப்பம். அண்ணா பொடி போடுவார், நேரு சிகரெட் புகைப்பார். இவற்றை வைத்து இருமொழிக் கொள்கையையோ ஐந்தாண்டுத் திட்டங்களையோ யாரும் எடை போட முடியாது. ஒருவர் குடித்துவிட்டு அவைக்கு வந்தால், நிதானமிழந்து கோப்பில் கையெழுத்திட்டால், அது பொதுமக்களின் பிரச்சினை. ஆனால் யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்றே தெரியாத ஒரு பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் கடிதத்தில் எழுதி அனுப்புவது படிக்கிற பிள்ளைக்கு அழகில்லை. இனி அப்படிச் செய்யாதீர்கள். கைக்கடிகாரம் பற்றி நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு மணிக்கட்டைப் பார்க்க வேண்டியதில்லை. 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளுக்குப் பிறகு, தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் சொத்து, கடன், கல்வித் தகுதி, தம்மீதுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் படிக்கலாம். உங்கள் தொகுதி உறுப்பினரின் பத்திரத்தையும் அவர் ஐந்தாண்டுகளுக்கு முன் தாக்கல் செய்த பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவருடைய சட்டைத் துணி சொல்லாத பலவற்றை அவை சொல்லும்.

கக்கனுக்கு வருகிறேன். மேலூர் அருகிலுள்ள தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தவர். தீண்டாமையின் கொடுமையைப் பிறப்பிலிருந்தே அறிந்த குடும்பம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த குழுவில் அவரும் இருந்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். காமராசர் முதலமைச்சரானபோது தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவர் பொறுப்பு இவரிடம் வந்தது. 1957-இல் அமைச்சரானார், பொதுப்பணித் துறையும் அரிசன நலத் துறையும் அவர் கையில் இருந்தன. மதுரைக்குக் குடிநீரும், மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களின் வயல்களுக்குப் பாசன நீரும் தருகிற வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான். பிறகு வேளாண்மைத் துறை, 1963-லிருந்து உள்துறை. இத்தனையும் செய்த ஒருவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது ஒரு மருத்துவமனைப் படுக்கையை மட்டுமே என்றால், குறை நம்மிடம் இருக்கிறது.

ஏன் அதை மட்டும் எடுத்துக்கொண்டோம்? எனக்குத் தெரிந்த விடை இது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த தலைவர் ஏழையாகவே வாழ்ந்து ஏழையாகவே செத்தார் என்பது, அவரை ஒருநாளும் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்திராதவர்களுக்கும் சொல்ல எளிதாக இருக்கிறது. அந்தப் புகழ்ச்சி யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அவர் கோயிலுக்குள் நுழைந்ததைச் சொன்னால், நுழைய விடாதவர்கள் யார் என்ற கேள்வி எழும். அவர் அணை கட்டிய துறையை நடத்தியதைச் சொன்னால், அவருடைய திறமையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அவர் வறுமையைச் சொன்னால் அழுதுவிட்டு எழுந்து போகலாம்.

நீங்கள் படிக்கும் நூல்களில் காந்தியடிகள் மேலாடையைத் துறந்த நிகழ்ச்சி கட்டாயம் இருக்கும். 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில் அவர் அந்த முடிவை எடுத்தார். அவர் திவான் வீட்டுப் பிள்ளை. இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து வாழ்ந்தவர். தம்மிடம் இருந்ததை ஏழைகளுக்காகத் துறந்தார். அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அதிலிருந்து ஒன்பதே ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், மதுரைக்குப் பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. சட்டையோ கோட்டோ பனியனோ போடக் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தடையை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அப்போது கக்கனுக்கு வயது இருபத்திரண்டு.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள், தம்பி. ஒருவர் சட்டையைக் கழற்றினால் மகாத்மா. இன்னொருவர் சட்டை போட்டால் அவர் குடிசைக்குத் தீ. இப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு, எளிமையாக உடுத்துகிறவரே நல்ல தலைவர் என்று பொதுவிதி எழுத முடியுமா? அம்பேத்கர் ஏன் கடைசிவரை நல்ல துணியில் கோட்டு தைத்து அணிந்தார் என்று யோசித்திருக்கிறீர்களா? 1927 டிசம்பரில் மகாராட்டிரத்தின் மகாடு என்ற ஊரில் கூடியிருந்த பெண்களிடம், சாதியை அடையாளம் காட்டும் பழைய நகைகளை விட்டுவிடுங்கள், மற்றப் பெண்களைப் போல் சேலையைப் பாதம்வரை தாழ்த்திக் கட்டுங்கள் என்று அவர் சொன்னார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்துவிட்டு வந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அவருக்கு, கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளைத் தூர நின்று மேசைமீது எறிந்தார்கள். அந்த மனிதரின் கோட்டு அவருடைய அரசியலின் ஒரு பகுதி. இன்று நம் ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிற அவர் சிலைகளைப் பாருங்கள். அந்தக் கோட்டையும் கையிலுள்ள புத்தகத்தையும் பார்க்கச் சகிக்காதவர்கள் இன்றும் இருப்பதால்தான் கூண்டு தேவைப்படுகிறது.

என் தந்தை கிராமத்துப் பள்ளி ஆசிரியர். எங்கள் தெருவிலிருந்து முதன்முதலில் அரசு வேலைக்குப் போனவர். அவரிடம் இருந்தவை சில சட்டைகள்தாம் என்றாலும், ஒவ்வொரு நாள் காலையிலும் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மடிப்புக் கலையாமல் தேய்த்து அணிந்துதான் வெளியே போவார். அந்தப் பெட்டியின் கங்கை ஊதிக் கொடுப்பது சிறுவயதில் என் வேலை. மேலத்தெருவைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே திண்ணையில் இருப்பவர்கள், “வாத்தியாருக்கு மிடுக்கைப் பாரு, கலெக்டர் கெட்டது போ” என்று அவர் காதில் விழும்படியே பேசுவார்கள். அதே பள்ளியில் வேலை பார்த்த இன்னொரு ஆசிரியர் நிறைய நிலபுலன் உள்ள குடும்பத்துப் பிள்ளை; கசங்கிய கதர்ச் சட்டையோடு வருவார், சில நாள் முகச்சவரமும் செய்திருக்க மாட்டார். அவரை ஊரே எளிமையான மனிதர் என்று கொண்டாடியது. அவர் நல்லவர்தான், எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர். ஆனால் அவர் கசங்கிய சட்டையோடு எந்தத் தெருவுக்குள்ளும் மரியாதையாக நடக்க முடியும். என் தந்தை அப்படி நடந்தால் அவரைக் கூலி வேலைக்குக் கூப்பிடுவார்கள். ஒருமுறை நான் இதைப் பற்றிக் கேட்டபோது அவர், “நான் அழுக்கா போனா அவனுக வயிறு குளிரும்டா, அதுக்காகவே தேய்க்கிறேன்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த கோபத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. எளிமை என்ற பெயரில் யாராவது உடையை எடைபோடத் தொடங்கினால் எனக்கு உள்ளம் கொதிப்பது அதனால்தான்.

கக்கன் கதர் வேட்டி சட்டையோடு எளிமையாக வாழ்ந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. அது அவர் தேர்ந்துகொண்ட காந்திய வழி, அவருடைய உரிமை. அரசுப் பணத்தைத் தொடாத அவர் நேர்மை உண்மையானது. ஆனால் அந்த நேர்மையாலேயே அவருடைய ஆட்சிக்காலம் முழுவதும் சரியாகிவிடுமா? 1965 மொழிப் போராட்டத்தின்போது காவல் துறை மாணவர்கள்மீது சுட்டது. சனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் குண்டடிபட்டு இறந்தார். உள்துறை அமைச்சராக இருந்தவர் கக்கன், முதலமைச்சர் பக்தவத்சலம். அந்த முடிவுகளில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கோப்புகளையும் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் படித்துத்தான் சொல்ல முடியும். கதர்ச் சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கக்கன்மீது உண்மையான மரியாதை உள்ளவர் இந்தக் கேள்வியைத் தவிர்க்க மாட்டார். ஏனென்றால் இது ஓர் ஆட்சியாளரிடம் கேட்கப்படும் கேள்வி, அவரை ஆட்சியாளராக மதிப்பவர்தான் கேட்பார்.

1967-இல் விருதுநகரில் காமராசரும் மேலூர்ப் பகுதியில் கக்கனும் தோற்றார்கள். பேச்சுப் போட்டி மேடைகளில் இதைச் சொல்லி, நன்றி கெட்ட தமிழகமே என்று மக்களைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் உரையில் அப்படி ஒரு வரி இருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அந்த வாக்காளர்களுக்கு இருவரின் எளிமையும் நன்றாகவே தெரியும்; கண்ணெதிரே பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் அரிசிக்கு வரிசையில் நின்றவர்களும் அவர்கள்தாம். பிள்ளைகள்மீது துப்பாக்கி நீண்டதைப் பார்த்தவர்களும் அவர்கள்தாம். தலைவரின் வேட்டியைப் பார்க்காமல் தங்கள் அடுப்பையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்து அவர்கள் வாக்களித்தார்கள். அவர்களின் தீர்ப்பு உங்களுக்கு ஏற்பில்லாமல் இருக்கலாம். அவர்கள் கையாண்ட அளவுகோலில் குறையில்லை.

கடைசியாக அந்தப் பொது வார்டு. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். மதுரை மருத்துவமனைக்கு வந்த இடத்தில் கக்கன் அங்கே இருப்பதை அறிந்து நேரில் பார்த்தார், உதவிகளுக்கு ஏற்பாடு செய்தார் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. கக்கன் 1981 டிசம்பர் 23 அன்று காலமானார். அவர் உழைத்த கட்சி அதுவரை எங்கே போயிருந்தது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும்: அந்த வார்டில் அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்திருந்த மதுரைக்காரர்கள் யாருக்காகவும் நாம் ஏன் அழவில்லை? முன்னாள் அமைச்சர் ஒருவர் படுக்கத் தகாத இடம் என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் நம் மக்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறுகிறார்கள், சாகிறார்கள். அமைச்சருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே வார்டு என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வார்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் வெட்கப்பட வேண்டியது இருக்கிறது.

நீங்கள் கேட்ட எளிய தலைவர்களின் நிகழ்ச்சிகளை நான் தரப்போவதில்லை. அவை எல்லா நூலகத்திலும் கிடைக்கும். அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் பொது வார்டுக்கு ஒருநாள் போய்வாருங்கள். இரவில் அங்கே எத்தனை நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் இருக்கிறார், எத்தனை பேர் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், எந்த மருந்தை வெளியே வாங்கிவரச் சொல்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை முழுவதுமாக இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.